விரற்கடை குறைந்த பாவை

“நனைஞ்சு சுருங்கியிருக்கும் மேடம். என் காக்கிச் சட்டை ஒரே மழையில நனைஞ்சு என் மவன் சைசுக்கு வந்துருச்சு” என்றார் கலியமூர்த்தி, பெட்டிக்குள் நின்ற மண் பொம்மையைக் காட்டி.

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை. காலமெல்லாம் விருத்தாசலம் – திட்டக்குடி பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ரிட்டையர் ஆன மனுஷன். அந்த வாய் சும்மா இருந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அதுவும் இன்றைக்கு, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தமிழினியின் முகத்தைப் பார்க்கப் பார்க்க ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது. தங்கச்சி வீரம்மாளின் ஒரே மகள் அவள். தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போன குழந்தை. இப்போது அவளுக்குப் பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர் கொளஞ்சிநாதன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார்.

விஷயம் இதுதான். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஆற்றோர மேடு ஒன்றில் அகழாய்வு நடக்கிறது. போன வருஷம் அங்கே ஒரு குழியில் குப்புறப் படுத்துக்கொண்டு, மூங்கில் குச்சியும் பிரஷ்ஷுமாய் தமிழினி ஒரு சுடுமண் பாவையை எடுத்தாள். இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற ஒரு தாய். உயரம் ஒரு சாண் இருக்கும். இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது என்றார்கள். விருத்தாசலம் ஊருக்குள் ஒரு தனியார் அறக்கட்டளை நடத்துகிற காட்சியகத்தில் பாவைக்கு ஒரு பெட்டி கிடைத்தது, தமிழினிக்கு ஒரு வேலை கிடைத்தது.

நேற்று சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். பாவையைக் கையில் எடுத்துத் திருப்பினார். அடியில் நகமளவு பெயர்த்துப் பார்த்தார். “இது போன மாசம் செஞ்சதுங்க” என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று காட்சியகப் பொறுப்பாளர் மாணிக்கவேலிடம், இன்னொன்று தமிழினியிடம். மாணிக்கவேல் ராத்திரியே ஸ்டேஷனுக்குப் போய்த் தமிழினி பேரில் புகார் கொடுத்துவிட்டார்.

“சாயந்திரம் வரைக்கும் பொறுத்துக்கறேன். பொருள் வந்துட்டா பேசித் தீர்த்துக்கலாம். வரலன்னா நான் கேஸு போட்டுத்தான் ஆவணும், எனக்கு வேற வழியில்ல” என்று கொளஞ்சிநாதன் காலையிலேயே சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் போலீஸ்காரர்.

கலியமூர்த்தி மருமகளின் தலையில் கை வைத்து, “பொம்மையக் கொண்டாந்து உன் கையில குடுத்துட்டுத்தான் மாமன் சோத்துல கை வெப்பேன்” என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு நேரே ஓடியது பாரதியிடம். ரிட்டையர் ஆன பிறகு அவர் உதவியாளராய் ஒட்டிக்கொண்டிருக்கிற துப்பறியும் நிபுணர் அவள்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்துபோன கடைகளையும் ‘எரிந்துபோன’ கடைகளையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டுத் தனியாய் ஆபீஸ் போட்டிருந்தாள்.

பாரதி இப்போது பெட்டிக்குள் கையை விட்டுப் பாவையை ஆட்டிப் பார்த்தாள். அது லொடலொடவென்று ஆடியது.

“இந்த ஸ்பாஞ்சுப் பள்ளத்த யாரு வெட்டினது, தமிழினி?”

“நான்தான் மேடம். பிளேடால கொஞ்சங் கொஞ்சமா செதுக்கி வெட்டினேன். அதிர்ந்தாலே உதிர்ற பொருளு. ஆடவே கூடாதுன்னு இறுக்கமா வெட்டினேன். எடுக்கறதுக்கே அடியில ஒரு நாடா போட்டு வச்சிருந்தேன், அத இழுத்தாத்தான் மேல வரும்.”

“இப்ப என் சுண்டு விரல் உள்ள போவுது.”

“சீட்டு பெருசு, பேசஞ்சர் சின்னவரு” என்றார் கலியமூர்த்தி.

“நீங்க மொதல்ல சொன்னதுதாங்கண்ணே சரி. சுருங்கியிருக்குது.” பாரதி தமிழினியின் செல்போனில் இருந்த பழைய படத்தைப் பெரிதாக்கிப் பாவைக்குப் பக்கத்தில் பிடித்தாள். “பாருங்க. இடது காதுல அதே மூளி. பிள்ளையோட கால்ல அதே கீறல். கையால பாத்துச் செஞ்சா எங்கியாவது மாறும். இதுல ஒண்ணுகூட மாறல. எல்லாமே சொல்லி வச்ச மாதிரி ஒரே அளவா கொறஞ்சிருக்குது. உயரத்துல ஒரு விரற்கடை போயிருக்குது. அப்படின்னா?”

விருத்தாசலம் போலப் பீங்கான் கம்பெனிகள் நிறைந்த ஊரில் பிறந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கலியமூர்த்தியின் மண்டைக்குள் மணி அடித்தது.

“நிஜப் பொம்மை மேல அச்சு எடுத்திருக்கான்! அந்த அச்சுல பச்சை மண்ண அழுத்தி எடுத்திருக்கான். பச்சை மண்ணு காயறப்ப சுருங்கும், சுட்டா இன்னும் சுருங்கும்.”

“அதேதான். நம்ம ஊரு சூளைக்காரன் ஒருத்தன் கையில நிஜப் பாவை இருந்திருக்குது.”

“அய்யோ, அப்ப இன்னும் இருக்குதுல்ல மேடம்? பத்திரமா இருக்கும்ல?” என்று தமிழினி ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டாள். கேஸ், போலீஸ் எல்லாம் அவளுக்கு ரெண்டாம் பட்சம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாணிக்கவேல் உள்ளே வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. “சூளைக்காரன்னு இப்பதான் கண்டுபுடிக்கிறீங்களா? தமிழினிக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில பழக்கம் இல்லாத ஆளே கெடையாதே. அகழாய்வுப் பானை ஓட்டைத் தூக்கிட்டு அங்கதான் போவும், மண்ணு பத்திக் கேக்கறேன்னு. நான் நம்பித்தான் சாவி குடுத்தேன். என்னாத்தச் சொல்றது?” என்று பெருமூச்சு விட்டார்.

“உங்க சாவி எங்க சார்?”

“வூட்டு பீரோவுல இருக்குதும்மா. நான் அதத் தொட்டே மாசக்கணக்காச்சு. நடுவுல இந்த ரூமுக்கு வெள்ளையடிக்க ஆளுங்க வந்தாங்க, அப்பக்கூட பெட்டிய நான் தொடல.”

“வெள்ளையடிக்கறப்ப தமிழினி எங்க?”

“நான் குழிக்குப் போயிட்டேன் மேடம். ரூம பூட்டிட்டோம், வராதன்னு சார்தான் சொன்னாரு” என்றாள் தமிழினி மெல்ல.

பாரதி தலையை ஆட்டிக்கொண்டாள். பாவையைத் தலைகீழாய்த் திருப்பினாள். அடியில் சிவப்பு மண் மேல் மாவு பூசின மாதிரி மெல்லிசாய் ஒரு வெள்ளை ஒட்டியிருந்தது. நிபுணர் பெயர்த்த இடத்தில் உள் மண் தெரிந்தது. அந்தச் சிவப்புக்குள் கருஞ்சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாய் என்னவோ விரவிக் கிடந்தது.

“எள்ளு போட்ட தட்டை மாதிரி இருக்குது” என்றார் கலியமூர்த்தி.

“வெள்ளை எனக்குப் புரியுது. இந்த எள்ளுதாங்கண்ணே புரியல” என்றாள் பாரதி. அந்த ஸ்பாஞ்சுப் பள்ளத்தின் மேல் ஒரு தாளை வைத்துச் சுற்றளவைப் பென்சிலால் வரைந்து, மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

தொழிற்பேட்டை வாசலில் அமிர்தம் டீக்கடை. கலியமூர்த்தி டீயை மட்டும் வாங்கிக்கொண்டு, நீட்டின பன்னை வேண்டாமென்று தள்ளினார்.

“அந்த வெள்ளை என்னா மேடம்? சுண்ணாம்பா?”

“சூளைக்குள்ள தட்டு அடுக்குவாங்கல்ல, அதுல பீங்கான் ஒட்டிக்காம இருக்க ஒரு வெள்ளைப் பவுடரக் கரைச்சுப் பூசுவாங்க. நான் எரிஞ்சுபோன கம்பெனிங்க எத்தினியோ பாத்திருக்கேன். செம்மண்ணு அகல் விளக்கு சுடறவங்க அதப் பூச மாட்டாங்க. கப்பு, சாசரு, ஃபியூஸ் கட்டை செய்யற வெள்ளைப் பீங்கான் கம்பெனியிலதான் அது இருக்கும்.”

“அப்ப வெள்ளைச் சூளையில டிக்கெட் எடுக்காம ஒரு செவப்புப் பொம்மை ஏறியிருக்குது.”

“ஆமா. ஓனருக்குத் தெரியாம சொந்தமா செம்மண்ணுல ஏதோ சுட்டுக்கற ஆளு ஒருத்தரு இருக்காரு.”

கலியமூர்த்தி டீக்கடைப் பக்கம் திரும்பினார். கண்டக்டர் வேலையில் அவர் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, கேட்க வேண்டியதை நேராய்க் கேட்காமல் இருப்பது. “அமிர்தம், எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணுக்குக் கொழந்தை இல்லம்மா. அய்யனாருக்கு மண்ணுல புள்ளப் பொம்ம செஞ்சு வெக்கறதா வேண்டிக்கிட்டாங்க. நல்லா செய்யற ஆளு இங்க யாருனா இருக்காங்களா?”

“தங்கராசண்ணன் இருக்காரே! மூணாவது ஷெட்டு. சூளைக்காரருதான். மிச்ச எடத்துல வேண்டுதல் பொம்மைங்களயும் சொருவி சுட்டுக் குடுப்பாரு. எங்க நாத்தனாருக்குக்கூட அவுருதான் செஞ்சாரு, மறுவருசமே ஆம்பளப் புள்ள” என்ற அமிர்தம் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே முகத்தைச் சுளித்தாள். “ஆனா இப்ப கேக்காதீங்க. மனுசன் ஒரு மாதிரியா இருக்காரு. டீக்கே வர்றதில்ல. கூப்ட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கறாரு. வூட்டுல எழவு வுழுந்த மாதிரி மூஞ்சிய வச்சுக்குறாரு.”

பாரதி டீயைப் பாதியில் வைத்தாள்.

*

மூணாவது ஷெட்டில் வெயிலை விட அனல் அதிகம். சுவரோரம் பூசாத கப்புகள் வெள்ளை வெளேரென்று பலகை பலகையாய் அடுக்கியிருந்தன. ஒரு மூலையில் உருளை மாதிரி அரவை மிஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. தங்கராசு சூளையின் முன்னால் நின்றார். ஐம்பதைத் தாண்டின ஆள், புருவம் வரைக்கும் மாவு.

இவர்களைப் பார்த்ததும் சட்டென்று சூளையின் ஓட்டைக்குள் கண்ணை வைத்துத் தீயைப் பார்க்க ஆரம்பித்தார்.

கலியமூர்த்தி பாரதியின் காதோரம் குனிந்தார். “செக்கர் ஏறுனா டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியா வயக்காட்டப் பாப்பான் மேடம். இவன்தான் நம்ம ஆளு.”

“தங்கராசு அண்ணே, இடுப்புல புள்ளையோட ஒரு அம்மா பொம்மை. நீங்கதான அச்சு எடுத்தீங்க?” என்றாள் பாரதி, சுற்றி வளைக்காமல்.

“இல்லீங்க. எனக்கு எதும் தெரியாதுங்க.”

பாரதி ஷெட்டைச் சுற்றி நடந்தாள். பிளாஸ்டர் அச்சுகள் எல்லாம் அலமாரியில் திறந்தபடிதான் இருந்தன, காற்றாடக் காய வேண்டுமே. ஒன்றே ஒன்று மட்டும் கீழே, நனைந்த சாக்கு போர்த்திக் கிடந்தது. சாக்கைத் தூக்கினாள். இரண்டு பாதியாய் ஒரு அச்சு. பைக்குள்ளிருந்த தாளை எடுத்து, பென்சில் கோட்டோடு வெட்டி, இரண்டு பாதியையும் சேர்த்து அச்சின் அடி வாய்க்குள் வைத்தாள். ஒரு மயிரிழை கூட இடமில்லாமல் கச்சிதமாய் உட்கார்ந்தது. பிரித்துப் பார்த்தால், இடது காதிலிருந்த மூளி பிளாஸ்டரில் சின்ன மேடாய்த் தெரிந்தது.

“அப்பாடா!” என்று கலியமூர்த்தி வாய்விட்டே கத்திவிட்டார். சந்தோஷத்தில் தங்கராசுவின் மாவுத் தோளைப் பிடித்துக் குலுக்கினார். “யோவ், நீ நல்லா இருப்பய்யா. உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நான் இருக்கேன். பொம்ம எங்க? எடு. எம் மருமவ அங்க போலீசு பக்கத்துல உக்காந்திருக்குதுய்யா.”

தங்கராசுவின் முகம் கோணிக்கொண்டது. அப்படியே கீழே குந்தி அழுதார்.

“மாணிக்கவேல் சார்தான் கொண்டாந்தாருங்க. துணி சுத்திப் பையில போட்டு அவுரே கொண்டாந்தாரு. இதே மாதிரி ஒண்ணு செஞ்சுக் குடு, அவசரம், யார்கிட்டயும் மூச்சு வுடாதன்னாரு. பெரிய இடத்துல யாரோ நிஜத்தக் கேக்கறாங்களாம். பெட்டியில நம்ம பொம்மைய வச்சுட்டு, நிஜத்த அவுங்களுக்குக் குடுக்கப் போறாராம். அதெல்லாம் எனக்குப் பொறவுதாங்க தெரியும்.”

பாரதி கலியமூர்த்தியைப் பார்த்தாள். திருடன் கிடைத்துவிட்டான். ஆனால் தங்கராசு அழுகிற அழுகை காட்டிக்கொடுக்கிறவன் அழுகை மாதிரி இல்லை.

“சொல்லுங்கண்ணே. அச்சு எடுத்தீங்க. அப்புறம்?”

“பிளாஸ்டர் ஈரம் இல்லீங்களா? அரதப் பழசு, பாதிதான் வெந்திருந்துச்சு, ஈரத்தக் குடிச்சுருச்சுங்க. அச்சுலருந்து எடுக்கறப்பவே கைல மாவு மாதிரி ஒட்டுது. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. வச்சிருந்தா அப்பிடியே கரைஞ்சு போயிரும்னு தோணுச்சுங்க. பாவம், அந்தக் காலத்துல விறகு பத்தாம அரைவேக்காடா வுட்டுட்டாங்க போல, நாம ஒரு சூடு நல்லா காட்டிட்டா கல்லு மாதிரி ஆயிரும், இன்னும் ரெண்டாயிரம் வருசத்துக்கு நிக்கும்னு...”

“சூளையில வச்சீங்களா?” பாரதியின் குரல் இறங்கிவிட்டது.

“வச்சேங்க. நல்லா காய வச்சுத்தான் வெக்கணும், அது எனக்குத் தெரியாதா? சார் போனு மேல போனு போட்டு அவசரப்படுத்தினாரு. மேல காஞ்சிருந்துச்சு, உள்ள ஈரம். பொருளு வெடிச்சா சூளைக்குள்ள சத்தம் கேக்கும். கேட்டுச்சுங்க.”

சூளைக்காரர்கள் ஊரில் இது ஒரு புத்தி. வாழ்க்கையில் எது தொளதொளவென்று ஆனாலும் அதற்கு மருந்து நெருப்பு என்று நினைப்பார்கள். காட்சியகத்துக்காரர்களாய் இருந்தால் அதை நிழலில் வைத்து விசிறிக்கொண்டு இருந்திருப்பார்கள். இந்த மனுஷன் தன் கைக்கு வந்த பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பதாய் நினைத்துக்கொண்டு அதைத் தீயில் வைத்துவிட்டார்.

கலியமூர்த்தி மட்டும் இன்னும் விடவில்லை. “சரிய்யா, வெடிச்சா வெடிக்கட்டும். துண்டு இருக்கும்ல? நூறு துண்டா இருந்தாலும் பரவால்ல. எங்க பாப்பாவுக்கு அதான் வேலையே. ஒடஞ்ச பானைய ஒட்டறதுக்குன்னே பொறந்தவ. மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி கண்ண எரிய வுட்டுக்கிட்டு உக்காந்து ஒட்டிருவா. ஒரு சாக்குல அள்ளிக் குடு, போதும்.”

தங்கராசு நிமிர்ந்து பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். மூலையில் சுற்றிக்கொண்டிருந்த அரவை மிஷினை அந்தக் கை காட்டியது.

“அரைச்சுட்டேங்க.”

கலியமூர்த்தி மிஷினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இங்க எதயும் வீசறதில்லீங்க. சுட்டது ஒடஞ்சா அரைச்சுப் புது மண்ணுல கலந்துருவோம், மண்ணு கெட்டியா நிக்கும். அதுதான் இங்க வழக்கம். அது சாமி மாதிரி இருந்துச்சுங்க, கொழந்தய வச்சுக்கிட்டு. குப்பையில போட எனக்கு மனசு வரல. துண்ட எல்லாம் பொறுக்கி நானே தனியா அரைச்சேன். செம்மண்ணு எவ்ளோ தாங்குமோ அவ்ளோ கலந்தேன். மிச்சம் ரெண்டு கை மாவு இருந்துச்சு, அத மணிமுத்தாத்துல கொண்டு போய் கரைச்சுட்டேங்க.”

பாரதி பக்கத்திலிருந்த மர ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

“எள்ளு” என்றாள்.

“என்னா மேடம்?”

“பெட்டியில இருக்கற பொம்மைக்குள்ள கருப்பா இருந்துச்சே, எள்ளு மாதிரி. ரெண்டு தடவை வெந்து கருத்துப்போன நிஜப் பாவைதாங்கண்ணே அது. காலையிலருந்து தேடறோம். பெட்டிக்குள்ளயேதான் இருந்திருக்குது.”

கலியமூர்த்தி வாயைத் திறந்தார். ஏதாவது சொல்ல வேண்டும். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் பிரசவ வலி எடுத்தவளைக்கூடச் சிரிக்க வைத்தே ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்ட வாய் அது. ஒன்றும் வரவில்லை. வெறும் காற்றுத்தான் வந்தது.

பாரதிதான் முதலில் தெளிந்தாள். “உடைஞ்சதுன்னு மாணிக்கவேலுக்குத் தெரியுமா?”

“தெரியுங்க. அன்னிக்கே சொல்லிட்டேன், காலுல வுழுந்தேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. ‘போவுது வுடு, ரெண்டா செஞ்சுடு. ஒண்ணு பெட்டிக்கு, ஒண்ணு அவுங்களுக்கு. அவுங்களுக்கு என்னா தெரியப் போவுது’ன்னாரு. ரெண்டாவது அதோ அந்தப் பலகையில இருக்குது. இன்னும் வாங்கிட்டுப் போவல.”

“உங்ககிட்ட அவர் நம்பர் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“வாங்க எங்ககூட. அச்சையும் எடுத்துக்குங்க. ஒரே ஒரு போன் பண்ணணும் நீங்க.”

தங்கராசு எழுந்தார். மறுக்கவில்லை. “என்ன ஜெயில்ல போடுவாங்களாங்க?” என்று மட்டும் கேட்டார்.

*

காட்சியகத்தின் வெளி வராந்தாவில் பாரதி சப்-இன்ஸ்பெக்டரிடம் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். கொளஞ்சிநாதன் புருவத்தைத் தூக்கினார். “நம்பற மாதிரிதாம்மா இருக்குது. ஆனா இந்த ஆளு ஒரு பேச்சு, அவுரு ஒரு பேச்சு. நான் யாரு பேச்ச எழுதறது?”

“அவர் பேச்சையே எழுதுங்க சார்.”

தங்கராசு போனில் நம்பரைத் தட்டினார். பாரதி ஸ்பீக்கரைப் போட்டாள். மூடியிருந்த ஆபீஸ் அறைக்குள் மணி அடிப்பது வராந்தாவுக்கே கேட்டது.

“சார், தங்கராசுங்க. ரெண்டாவது பொம்ம வெந்துருச்சுங்க. கொண்டாரட்டுங்களா?”

“அறிவு இருக்குதாடா உனக்கு?” என்றது மாணிக்கவேலின் குரல், போனில் ஒன்றும் கதவுக்குள்ளிருந்து ஒன்றுமாய் இரண்டு தடவை. “போலீசு வாசல்ல நிக்கறான். இன்னிக்கு அந்தப் பொண்ண இட்டுக்கிட்டுப் போயிருவான், அதுவரைக்கும் பொறு. அச்ச ஒடச்சுப் போடுன்னு சொன்னனே, ஒடச்சியா இல்லியா?”

“ஒடைக்கல சார்” என்று பதில் சொன்னது கொளஞ்சிநாதன். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கதவைத் தள்ளினார். உள்ளே மாணிக்கவேல் போனைக் காதிலிருந்து எடுக்கக்கூட மறந்து நின்றார். இஸ்திரிச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

சாதாரண நாளாய் இருந்தால் இந்த இடத்தில் கலியமூர்த்தி விசில் அடித்திருப்பார். கேஸ் முடிந்தது. பாப்பா மேல் பழி இல்லை. வீரம்மாளுக்குப் போன் போட்டு, அழாதே, சோறு பொங்கி வை என்று சொல்லலாம். அவர் போனைத் தொடவே இல்லை. காட்சி அறையின் கதவருகிலேயே நின்றார்.

“நான் சொல்லட்டுமா?” என்றாள் பாரதி.

“வேணாம் மேடம். வாக்குக் குடுத்தது நானு.”

தமிழினி அவரைக் கண்டதும் ஓடி வந்தாள். வராந்தாவில் நடந்த சத்தத்தில் பாதி அவளுக்கே புரிந்திருந்தது. “சார்தானா மாமா? பரவால்ல, அவுரு என்னமோ பண்ணிட்டுப் போவட்டும். கெடச்சுதா? எங்க? பையிலயா? எடுங்க மாமா, ஆட்டிடாதீங்க, உதிரும்.”

கலியமூர்த்தி சொன்னார். ஒரு சொல் முன்னும் ஒரு சொல் பின்னுமாய், தட்டுத் தடுமாறி, அச்சு, ஈரம், சூளை, அரவை மிஷின், ஆறு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

சொல்லி முடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். பாவையை இரண்டு கையாலும் எடுத்தார். கொண்டாந்து உன் கையில குடுப்பேன் என்று சொன்னவராயிற்றே. அவள் கையில் கொடுத்தார்.

தமிழினி அதைத் திருப்பினாள். பெயர்ந்த இடத்தில் கட்டை விரலை வைத்து, அந்தக் கருப்புப் பொடியைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து கொட்டியது.

“உன் பேருல ஒண்ணும் இல்லடா பாப்பா. எஸ்.ஐ. சொல்லிட்டாரு. நீ வூட்டுக்குப் போலாம். அம்மா காத்துக்கிட்டு இருக்கும்” என்றார் கலியமூர்த்தி.

“இதுக்கு நெசமாவே திருடு போயிருக்கலாம் மாமா” என்றாள் அவள். “என்னப் புடிச்சு உள்ள போட்டிருந்தாலும் பரவால்ல. திருடு போயிருந்தா எங்கியாச்சும் ஒரு வூட்டுல, ஒரு பீரோவுல இருந்திருக்கும்ல. என்னிக்காவது ஒரு நாளு கெடைக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன்ல.”

கொளஞ்சிநாதன் வாசல்வரை வந்தார். பொம்மையை அவர் எடுத்துப் போக வேண்டும், கேஸுக்கு அதுதான் சாட்சி. உள்ளே பார்த்துவிட்டு வராந்தாவுக்கே திரும்பிப் போய் நின்றுகொண்டார். அங்கே படிக்கட்டில் தங்கராசு அச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தமிழினி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பாவையைப் பழையபடி ஸ்பாஞ்சுப் பள்ளத்தில் நிற்க வைத்தாள். அது ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. மேஜை டிராயரைத் திறந்து, மிச்சம் கிடந்த ஸ்பாஞ்சுத் துண்டையும் பிளேடையும் எடுத்தாள். ஒரு விரற்கடை அளவுக்கு மெல்லிசாய் ஒரு பட்டை நறுக்கினாள்.

“இத என்னாத்துக்கும்மா இப்ப? எப்பிடியும் போலீசு எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க” என்றார் கலியமூர்த்தி.

“போற வரைக்கும் ஆடக் கூடாதுல்ல” என்று அவள் அந்தப் பட்டையை இடுக்கில் செருக ஆரம்பித்தாள். அது உள்ளே போகாமல் மடங்கி மடங்கி வெளியே வந்தது. “கொஞ்சம் புடிங்க மாமா.”

கலியமூர்த்தி பிடித்துக்கொண்டார்.